மெட்டி நரம்பும் மோதிர விரல் நரம்பும்

அக்கா மகள் கல்யாணத்துக்கு பத்து நாள் முன்னாடி எங்க குடும்ப வாட்ஸப் குழுவில் அந்த மெசேஜ் வந்தது. புதுசு இல்லை, வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வரும். "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் இல்லை" என்று ஆரம்பித்து, கல்யாணச் சடங்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு அறிவியல் காரணம் சொல்லும். மருதாணி உடல் சூட்டைத் தணிக்கும், அருந்ததி பார்ப்பது வானியல், இப்படி. மெட்டிக்குச் சொல்லியிருந்தது இது: கால் இரண்டாம் விரலில் இருந்து ஒரு நரம்பு கர்ப்பப்பையைத் தொட்டுக்கொண்டு நேராக இதயத்துக்குப் போகிறது. மெட்டி அந்த நரம்பை அழுத்திக்கொண்டே இருப்பதால் கர்ப்பப்பை வலுப்பெறும், மாதவிலக்கு ஒழுங்காகும். வெள்ளி நல்ல கடத்தி என்பதால் பூமியின் சக்தியையும் உறிஞ்சிக் கொடுக்கும்.

பதினெட்டு பேர் கும்பிடு போட்டிருந்தார்கள். கல்யாணப் பொண்ணு பிசியோதெரபி படித்தவள். காலும் நரம்பும்தான் அவளுக்குத் தினசரி வேலை. குழுவில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாள்: "எந்த நரம்பு மாமா? பேர் கேட்டுச் சொல்லுங்க."

அவளுக்கு எழுத ஆரம்பித்த பதில்தான் இது. நீண்டுவிட்டது.

நரம்பு விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். கால்விரல்களுக்குப் போகும் நரம்புகளில், உள்ளங்கால் பக்கம் இருப்பவை டிபியல் நரம்பின் கிளைகள். அது மேலே போய் சயாடிக் நரம்பில் சேர்ந்து, முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் போய் முடிகிறது. கர்ப்பப்பைக்கு வருவது இடுப்புக்குழியில் இருக்கிற வேறு ஒரு நரம்புப் பின்னலில் இருந்து. இரண்டும் கடைசியில் தண்டுவடத்தைத்தான் தொடுகின்றன என்று வாதாடலாம். அப்படிப் பார்த்தால் கட்டைவிரலும் சுண்டுவிரலும்கூட அங்கேதான் போய்ச் சேருகின்றன. இரண்டாம் விரலில் ஏறி, கர்ப்பப்பையில் இறங்கி, இதயத்துக்குப் போகிற தனி லைன் ஒன்றும் கிடையாது.

"இது அலோபதி நரம்பு இல்லீங்க, அக்குபிரஷர் புள்ளி" என்பார்கள். சரி, அதையும் பார்த்தேன். பாதத்தை உடம்பின் வரைபடமாகப் பார்க்கும் ரிஃப்ளெக்ஸாலஜியை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் யூனிஸ் இங்கம் என்கிற அமெரிக்கப் பெண்மணி, 1930களில். அந்த வரைபடங்களில் கால்விரல்கள் தலைக்கும் கண்ணுக்கும் சைனஸுக்கும் உரியவை. கர்ப்பப்பைப் புள்ளி இருப்பது உள்பக்கக் கணுக்காலுக்குக் கீழே, குதிகாலை ஒட்டி. அந்த முறை சரியா தப்பா என்பது வேறு பேச்சு. அந்த முறைப்படியே போனாலும் கர்ப்பப்பைக்கு நெருக்கமான நகை கொலுசுதான், மெட்டி இல்லை.

இதோடு விட்டிருப்பேன். ஆனால் "விரலில் இருந்து இதயத்துக்கு ஒரு நரம்பு" என்பதை எங்கேயோ கேட்ட மாதிரி இருந்தது. யோசித்தால், மோதிரம்! இடது கை நாலாவது விரலில் இருந்து இதயத்துக்கு நேரே ஒரு நாளம் போகிறது, அதனால்தான் கல்யாண மோதிரம் அந்த விரலில் என்கிற மேல்நாட்டுக் கதை. நகைக்கடை விளம்பரங்களில் லத்தீன் பேரோடு வரும்: வேனா அமோரிஸ், காதல் நாளம். நம்ம கதையில் கால், அவங்க கதையில் கை. நடுவில் ஒரு கர்ப்பப்பை கூடுதல். மற்றபடி எலும்புக்கூடு ஒன்றே.

மோதிரக் கதையில் ஒரு வசதி உண்டு. அது ஒவ்வொரு நூற்றாண்டாக எப்படி வளர்ந்தது என்பது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. மெட்டிக் கதைக்கு அப்படி ஒரு தடம் கிடைக்கவில்லை, அது வாட்ஸப்பில் அப்பன் பேர் இல்லாமல் அலைகிறது. அதனால் மோதிரத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

கிபி 2ஆம் நூற்றாண்டில் ரோமில் ஔலஸ் கெல்லியஸ் என்று ஒருவர் இருந்தார். படித்தது, கேட்டது எல்லாவற்றையும் துண்டு துண்டாக எழுதி வைத்த மனிதர். இன்றைக்கு இருந்தால் வலைப்பூ எழுதியிருப்பார். அவருடைய 'ஆட்டிக் இரவுகள்' நூலில் ஒரு குட்டி அத்தியாயம்: கிரேக்கர்களும் ரோமானியர்களும் ஏன் இடது கை நாலாவது விரலில் மோதிரம் போடுகிறார்கள்? எகிப்தில் உடலை அறுத்துப் பார்த்தபோது அந்த விரலில் இருந்து மட்டும் மெல்லிய நரம்பு ஒன்று இதயத்துக்குப் போவதைக் கண்டார்களாம். இதை அப்பியன் என்பவர் எழுதியிருக்கிறார், என்கிறார் கெல்லியஸ்.

யார் இந்த அப்பியன்? எகிப்தில் இருந்து வந்த கிரேக்க இலக்கண ஆசிரியர், கிபி முதல் நூற்றாண்டுக்காரர். அடிமையின் காலைப் பிடித்து முள் எடுத்துவிடச் சொன்ன சிங்கம், பிறகு அவனையே அரங்கத்தில் கொல்லாமல் விட்டது என்று சின்ன வயசில் படித்தோமே, ஆண்ட்ரோகிளிஸ் கதை, அதையும் கெல்லியஸ் இவரிடம் இருந்துதான் எடுத்தார். ரோமப் பேரரசர் டைபீரியஸ் இவருக்கு வைத்த பட்டப்பெயர் 'உலகத்தின் ஜால்ரா' என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். நம்ம ஊர் அர்த்தத்தில் இல்லை. சத்தம் ஜாஸ்தி என்ற அர்த்தத்தில். ஆக நம் நரம்பின் மூல ஆதாரம் இவர்தான். அவருடைய எகிப்து நூல் அழிந்துபோய்விட்டது. நமக்கு வந்து சேர்ந்ததே ஒரு பார்வர்டுதான்.

இதில் கவனிக்க வேண்டியது: கெல்லியஸ் கல்யாணத்தைப் பற்றிப் பேசவே இல்லை. அவர் சொல்வது சாதாரண மோதிரம். அந்தக் கால ஆண்கள் போட்டது, அதை வைத்து முத்திரை குத்துவார்கள். காதல், கணவன், மனைவி ஒன்றும் அங்கே கிடையாது.

அடுத்து 5ஆம் நூற்றாண்டில் மக்ரோபியஸ். அவருடைய 'சாட்டர்னேலியா'வில் ஒரு விருந்து நடக்கிறது, அதில் இதே கேள்வி வருகிறது. விருந்துக்கு வந்த மருத்துவர் நரம்புக் கதையைச் சொல்கிறார். உடனே இன்னொருவர், அத்தேயஸ் காப்பிடோ என்ற பழைய சட்ட அறிஞர் வேறு காரணம் சொல்லியிருக்கிறாரே என்று எடுத்துக்கொடுக்கிறார். முன்னெல்லாம் எந்தக் கையிலும் எந்த விரலிலும் போட்டார்கள். கல் பதித்து வேலைப்பாடு செய்ய ஆரம்பித்த பிறகு கல் உடையக்கூடாதே என்று, வேலை குறைவாகச் செய்கிற இடது கைக்கு மாற்றினார்கள். அதிலும் கட்டைவிரலுக்கு எப்போதும் வேலை, சுண்டுவிரல் ரொம்பச் சின்னது, அதனால் இரண்டு பக்கமும் காப்பு உள்ள இந்த விரல். அவ்வளவுதான்.

படித்தால் எவ்வளவு சாதாரணமாக, நம்பும்படியாக இருக்கிறது பாருங்கள்! இரண்டு காரணமும் ஒரே புத்தகத்தில், ஒரே விருந்தில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன. ஆயிரத்தைந்நூறு வருஷம் ஓடிவந்தது நரம்புதான். காப்பிடோ சொன்னதை எந்த நகைக்கடையும் விளம்பரம் போட்டதாகத் தெரியவில்லை.

7ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் இசிடோர் என்கிற பிஷப் சர்ச் சடங்குகளைப் பற்றி எழுதும்போது, மணமகன் மணமகளுக்குப் போடும் மோதிரத்தோடு இந்தக் கதையைச் சேர்த்து முடிச்சுப் போட்டார். அவர் எழுத்தில் நரம்பு ரத்தநாளமாக மாறிவிட்டது. (தமிழிலும் பேச்சுவழக்கில் இரண்டுக்கும் நரம்புதான். 'ஊசி போட நரம்பு கிடைக்கலை' என்கிறோம். யாழ் நரம்பும் உண்டு. லத்தீன் 'நெர்வுஸ்' என்ற சொல்லும் அப்படித்தான், நரம்பு, தசைநார், வாத்தியத் தந்தி எல்லாம் அதற்குள் அடங்கும்.) ஆண்கள் போட்ட முத்திரை மோதிரத்துக்குச் சொன்ன காரணம், ஆண் பெண்ணுக்குப் போட்டுவிடும் மோதிரத்துக்கு மாறியது இங்கே. பிறகு ஹென்றி ஸ்வின்பர்ன் என்ற ஆங்கிலச் சட்ட வல்லுநர் எழுதி, அவர் இறந்து பல வருஷம் கழித்து 1686ல் அச்சான திருமண ஒப்பந்த நூலில் அது 'காதல் நாளம்' என்ற பேரோடு வருகிறது.

அச்சேறும்போது அந்தக் கதைக்கு ஏற்கெனவே மறுப்பும் வந்துவிட்டது. தாமஸ் பிரவுன் என்ற ஆங்கில மருத்துவர் 1646ல் மக்களிடம் புழங்கும் தவறான நம்பிக்கைகளை ஒவ்வொன்றாகச் சோதித்து ஒரு பெரிய நூல் போட்டார். அதில் மோதிர விரலுக்கென்றே தனி அத்தியாயம். உடலை அறுத்துப் பார்த்தால் அப்படி எதுவும் தெரிவதில்லை, எல்லா விரலுக்கும் ஒரே மாதிரிதான் போகிறது, இதயமே இடது மூலையில் இல்லை கிட்டத்தட்ட நடுவில் இருக்கிறது என்று பொறுமையாக எழுதியிருக்கிறார். ஹார்வி ரத்த ஓட்டத்தை விளக்கிய நூல் 1628ல் வந்திருந்தது. ஆக இந்தக் கதை தப்பு என்று தெரிந்து கிட்டத்தட்ட நானூறு வருஷம் ஆகிறது. கதைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஏன் விழவில்லை? மக்கள் முட்டாள்கள் என்று நான் நினைக்கவில்லை. அந்தக் கதை வேறு ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது.

எங்க தொழிலில் இருக்கிறவர்களுக்கு இது புரியும். பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதிய கோடைத் திறக்கிறோம். மேலே ஒரு கமெண்ட் இருக்கும், 'வேகத்துக்காக இப்படிச் செய்திருக்கிறோம்' என்று. அந்தக் கமெண்டைப் பிறகு வந்த யாரோ, தனக்குப் புரிந்ததை வைத்து எழுதியிருப்பார்கள். அதை நம்பி இறங்கினால் ஒரு ராத்திரி போச்சு. கமெண்டை மூடிவிட்டுக் கண்டிஷனைப் பார் என்பதுதான் எனக்கு முதல் டீம் லீட் சொல்லிக்கொடுத்தது. இந்த வரி எப்போது ஓடுகிறது, யாருக்கு ஓடுகிறது, எப்போது நிற்கிறது. அதில்தான் உண்மை இருக்கும்.

மோதிரத்துக்கு அதைச் செய்து பார்க்கலாம். யாருக்கு? ரஷ்யா, போலந்து, ஜெர்மனி, நார்வேயில் கல்யாண மோதிரம் வலது கையில். யூதர் திருமணத்தில் மணமகன் மோதிரத்தைப் போடுவது மணமகளின் வலது கை ஆட்காட்டி விரலில். அவங்களுக்கெல்லாம் இதயம் வலது பக்கமா? இங்கிலாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். சீர்திருத்தத்துக்கு முந்தைய சாரம் வழிபாட்டு முறையில் மணமகள் மோதிரம் வலது கையில்தான். கட்டைவிரல், அடுத்த விரல், நடுவிரல் என்று பிதா, சுதன், பரிசுத்த ஆவி பேரைச் சொல்லித் தொட்டுக்கொண்டே வந்து, ஆமென் என்னும்போது நாலாவது விரலில் நிறுத்துவார்கள். 1549ல் வந்த பொது ஜெப நூல் அதை இடது கை என்று மாற்றியது. கை மாறியது, நாளம் மாறவில்லை! நாலாவது விரல் எதற்கு என்றால், ஆமென் வந்த இடம் அது. மத நம்பிக்கை உள்ளவர்கள் சொல்வதற்கு இதைவிட நேர்மையான காரணம் இருக்கமுடியுமா?

இப்போது முக்கியமான கண்டிஷன். அந்த நாளம் ஆணுக்கும்தானே இருக்கவேண்டும்? ரோமில் நிச்சயத்துக்கு மணமகன் மணமகளுக்கு இரும்பு மோதிரம் அனுப்புவார், கல்கூட பதிக்காதது, என்று பிளினி சொல்கிறார். ஒருவழிப் பாதை. இந்த ஒருவழி இங்கிலாந்து, அமெரிக்காவில் 20ஆம் நூற்றாண்டு வரை பெரும்பாலும் அப்படியே நீடித்தது. அமெரிக்காவில் ஆண்கள் கல்யாண மோதிரம் போடுவது பரவலானது இரண்டாம் உலகப் போரை ஒட்டித்தான். அதற்கு முன்னாடி 1920களில் ஆண்களுக்கு நிச்சயதார்த்த மோதிரம் விற்க நகை வியாபாரிகள் முயன்று தோற்றதை வரலாற்று ஆய்வாளர் விக்கி ஹோவர்ட் விரிவாக எழுதியிருக்கிறார். பிரிட்டன் இளவரசர் வில்லியம் 2011ல் கல்யாணம் செய்துகொண்டபோது, தான் மோதிரம் போடப்போவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார். யாரும் அவருடைய நாளத்தைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

'அவளுக்கு மட்டும் ஏன்' என்பதுதான் அந்த மோதிரத்தைப் பார்த்து யாருக்கும் முதலில் வரவேண்டிய கேள்வி. நாளம் அந்தக் கேள்வியை 'ஏன் அந்த விரல்' என்று திருப்பிவிடுகிறது. பதிலும் இனிப்பாக இருக்கிறது. பழைய கேள்வி மறந்துபோகிறது.

மேல்நாட்டு வெள்ளைக் கவுன் கதையும் இதே ரகம், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விக்டோரியா ராணி 1840ல் வெள்ளை சாட்டின் உடையில் கல்யாணம் செய்தார். உடையில் உள்ளூர் ஹானிட்டன் லேஸ். வெள்ளையில் மணந்த முதல் ராணி அவர் இல்லை, ஸ்காட்லாந்தின் மேரி 1558லேயே போட்டிருக்கிறார். ஆனால் சாதாரணப் பெண்கள் கையில் இருக்கிற நல்ல உடையைத்தான் போட்டுக்கொண்டார்கள், எந்த நிறமானாலும். விக்டோரியாவுக்குப் பிறகுதான் வெள்ளை மோகம். சரியாக 9 வருஷம் கழித்து, 1849ல், அமெரிக்காவின் பிரபல பெண்கள் பத்திரிகையான 'கோடீஸ் லேடீஸ் புக்' எழுதியது, வெள்ளைதான் ஆதிகாலம் தொட்டு மணமகளுக்கு உரிய நிறம், அது கன்னிமையின் தூய்மைக்கு அடையாளம் என்று. ஒன்பதே வருஷத்தில் ஆதிகாலம்! எங்க குழுவில் பார்வர்டு போடும் மாமாக்கள் இந்த வேகத்துக்குக் கிட்டேகூட வரமுடியாது.

நம்ம பக்கம் வருவோம். அருந்ததி. பார்வர்டு சொல்வது: வசிஷ்டரும் அருந்ததியும் இரட்டை நட்சத்திரங்கள், ஒன்றை ஒன்று சமமாகச் சுற்றுகின்றன, கணவன் மனைவி சமம் என்பதை நம் முன்னோர்கள் வானத்தைக் காட்டிச் சொன்னார்கள். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. சப்தரிஷி மண்டலத்தின் வாலில் நடு நட்சத்திரம் மிசார், அதை ஒட்டி மங்கலாக அல்கோர். கண் நல்லா இருந்தால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். கண்ணுக்கு இரண்டு புள்ளி தெரிவது வேறு, அவை ஒன்றை ஒன்று சுற்றுகின்றன என்று கண்டுபிடிப்பது வேறு. மிசாரே தனக்குள் இரட்டை என்பது 17ஆம் நூற்றாண்டில் தொலைநோக்கி வந்த பிறகு தெரிந்த விஷயம்.

அதைவிட, பழந்தமிழில் அந்த நட்சத்திரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்று பாருங்கள். சங்கப் பாட்டில் அது வடமீன். சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி கல்யாணத்தில் சாலி. எங்கே வந்தாலும் பெண்ணின் கற்புக்கு உவமை. ஒரு ஆணைப் பார்த்து 'வசிஷ்டன் மாதிரி இரு' என்று மண்டபத்தில் யாராவது கைநீட்டிக் காட்டி நான் பார்த்ததில்லை. சடங்கு சொல்வது 'நீ இவளைப் போல் இரு', ஒருத்திக்கு மட்டும். அதைச் சொல்லக் கூச்சமாக இருப்பதால் நடுவில் வானியல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கூச்சப்படுவது நல்ல விஷயம்தான், நாம் கொஞ்சம் மாறியிருக்கிறோம் என்று அர்த்தம். அந்தக் கூச்சத்தை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் சடங்கையும் மாற்றலாமே. முன்னோர்கள் மேல் ஏன் பழியைப் போடவேண்டும்?

இப்போது மெட்டி. கண்டிஷனைப் பார்ப்போம்.

எப்போது ஆரம்பிக்கிறது? கல்யாணத்தன்று, அம்மி மேல் கால் வைத்து. மாதவிலக்கு ஒழுங்காவதற்கு என்றால் பதிமூணு வயசில் வயிற்றுவலியோடு பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்குத்தானே முதலில் போட்டுவிடணும்? கல்யாணமாகாத பெண் ஆசைக்கு ஒரு மெட்டி வாங்கிப் போட்டால் வீட்டில் என்ன பேச்சு விழும் என்று தெரியும். யாருக்கு? மனைவிக்கு. அந்தக் காலத்தில் ஆண்களும் மெட்டி போட்டார்கள், தலைகுனிந்து நடக்கும் பெண் அதைப் பார்த்து இவன் கல்யாணமானவன் என்று விலகிப் போவாள் என்று ஒரு உபகதை உண்டு. அதையும் இதே குழுவில்தான் படித்தேன். அந்தப் பழக்கம் எங்கே, எப்போது, யாரிடம் இருந்தது என்று அனுப்பியவர் சொல்லமாட்டார். சரி, இருந்தது என்றே வைத்துக்கொள்வோம், ஆணுக்கு எந்தக் கர்ப்பப்பை?

ஏன் வெள்ளி? எங்க ஆச்சி ஒரே வரியில் சொல்லும்: தங்கம் லட்சுமி, காலில் போடக்கூடாது. கடத்தி, பூமி சக்தி ஒன்றும் கிடையாது. ஒரு நம்பிக்கையை நம்பிக்கை என்று சொல்லத் தெரிந்த தலைமுறை அது. எனக்கு அந்த நம்பிக்கை இல்லாவிட்டாலும் ஆச்சியோடு சண்டையில்லை. அது என்னிடம் வேறு எதையோ விற்கவில்லை.

கடைசிக் கண்டிஷன், எப்போது நிற்கிறது?

எங்க பெரியப்பா இறந்தபோது எனக்குப் பதினேழு வயசு. காரியத்தன்று விடியற்காலையில் பெரியம்மாவைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனார்கள். ஆண்கள் யாரும் வரக்கூடாது என்றார்கள். நான் கிணற்றடியில் குடத்தோடு நின்றிருந்தேன், போகச் சொல்ல யாருக்கும் ஞாபகம் வரவில்லை. தாலி, பூ, வளையல் எல்லாம் ஆன பிறகு மெட்டி கழலவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரே இடத்தில் இருந்தது, விரல் வீங்கி அதைச் சுற்றிச் சதை ஏறிவிட்டது. சோப்புத் தண்ணி ஊற்றினார்கள், விளக்கெண்ணெய் போட்டார்கள். இழுக்க இழுக்கத் தோல் உரிந்தது. பெரியம்மா அதுவரை அழுத அழுகை வேறு. அப்போது கத்தியது வேறு, அது வலி. கடைசியில் தட்டாரைக் கூப்பிட்டு வெட்டி எடுத்தார்கள். அன்றைக்குச் சூரியன் உதிப்பதற்குள் முடிக்கணும் என்று அவசரம்.

பெரியம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயசு. கர்ப்பப்பை இருந்தது, மாதவிலக்கும் நின்றிருக்காது. அது உடம்புக்கு நல்லது என்றால், அந்த நரம்பு அவ்வளவு முக்கியம் என்றால், அன்றைக்கு அங்கே இருந்த பதினைந்து பெண்களில் ஒருத்தராவது 'உடம்புக்கு ஆகும், கிடக்கட்டும் விடுங்க' என்று சொல்லியிருக்கமாட்டார்களா? ஒருத்தரும் சொல்லவில்லை. ஏனென்றால் மெட்டி எதற்கு என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அந்த கோடில் ஒரே ஒரு கண்டிஷன்தான் இருக்கிறது: புருஷன் உயிரோடு இருக்கிறானா. கர்ப்பப்பை அதில் எங்கேயும் வரவில்லை.

'போகட்டும், பார்வர்டால யாருக்கு என்ன நஷ்டம்?' என்று என் மச்சான் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. என் மனைவி மெட்டி போட்டிருக்கிறாள், தரையில் நடக்கும்போது வருகிற சத்தம் அவளுக்குப் பிடிக்கும், வீடு பூரா அந்தச் சத்தம் எனக்கும் பிடிக்கும். அதைக் கழட்டச் சொல்லி நான் கிளம்பவில்லை. நஷ்டம் என்னவென்று எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். 'இது புருஷன் இருப்பதற்கு அடையாளம்' என்று ஒரு பெண்ணிடம் சொன்னால், அவள் 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லமுடியும், 'எனக்கு வேணும்' என்றும் சொல்லமுடியும். வாதாடலாம், பேரம் பேசலாம், அவனையும் ஒன்று போடச் சொல்லலாம். அதையே 'உன் உடம்புக்கு நல்லது' என்று சொல்லிவிட்டால் மறுக்க வாயே இல்லை. மறுத்தால் அறிவியல் தெரியாதவள், பெரியவர்களை மதிக்காதவள், நாளைக்குக் குழந்தை தாமதமானால் அதற்கும் அவளே காரணம். என் அக்கா மகளுக்கு நரம்பு படிப்பு இருந்தும் குழுவில் ஒரு வார்த்தை எழுத முடியவில்லை, பாருங்கள். பெரியம்மாவின் காலும் இந்தக் கதையில் காணாமல் போகிறது. கர்ப்பப்பைக்கு நல்லது செய்யும் நகையை யாரும் வெட்டி எடுத்திருக்க முடியாது இல்லையா?

தேடும்போது கிடைத்த ஒரு விஷயம், எனக்கு ரொம்பப் பிடித்தது. 1967ல் அண்ணா முதல்வராக இருந்தபோது இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு திருத்தம் வந்தது, 7ஏ பிரிவு. சுயமரியாதைத் திருமணங்கள் சட்டப்படி செல்லும் என்று ஆக்கியது அதுதான். புரோகிதர் வேண்டியதில்லை. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரை ஒருவர் ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, ஒருவருக்கொருவர் மாலை மாற்றலாம், அல்லது ஒருவர் விரலில் ஒருவர் மோதிரம் போடலாம், அல்லது தாலி கட்டலாம். மோதிரத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சட்டத்தின் வாசகம் எந்த விரலாக இருந்தாலும் சரி என்கிற பொருளில் இருக்கிறது. அவரும் போடணும், இவரும் போடணும். எந்த விரல் என்பது உங்கள் இஷ்டம். அப்பியனிடம் ஆரம்பித்து இரண்டாயிரம் வருஷமாக மோதிரத்தைப் பற்றி எழுதியவர்களில் நரம்பைத் தேடாமல் விட்டவர்கள் காப்பிடோவும் இந்தச் சட்டத்தை எழுதிய அதிகாரிகளும் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை எல்லாம் அக்கா மகளுக்கு அனுப்பினேன். 'படிச்சேன் மாமா' என்று பதில் வந்தது. இரண்டு நாள் கழித்து இன்னொன்று: 'மெட்டி போட்டுக்கறேன். ஆனா திருகு வச்ச மாதிரி, ஈஸியா கழட்டற மாதிரி வாங்கச் சொல்லியிருக்கேன். பெரிய ஆச்சி விஷயம் எனக்குத் தெரியாது.' அவள் பெரிய ஆச்சி என்றது என் பெரியம்மாவை.

கல்யாணம் மதுரையில் நல்லபடியாக நடந்தது. முகூர்த்தம் காலை ஒன்பதரைக்கு. அருந்ததியை மண்டபத்து ஃபேனுக்குப் பக்கத்தில் காட்டினார்கள். மோதிரம் மாற்றும்போது மாப்பிள்ளைக்கு விரல் வீங்கியிருந்தது, நிச்சயத்துக்கு எடுத்த அளவு பத்தவில்லை. அவள் இரண்டு தடவை தள்ளிப் பார்த்துவிட்டு, அவர் கையைப் பிடித்துத் திருப்பிச் சுண்டுவிரலில் போட்டுவிட்டாள். போட்டோகிராபர் பதறி 'மேடம், அந்த விரல் இல்லை' என்றார். எந்த விரலானாலும் செல்லும், சட்டத்திலேயே இருக்கிறது என்று கீழே இருந்து நான் குரல் கொடுத்தேன். நாதஸ்வரச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.